வெனிஸிலிருந்து கோர்ஃபு வரை, வழிகாட்டியுடன் செல்லும் பண்பாட்டுக் கப்பல் பயணம் செலவுக்குத் தகுந்ததா?

வரலாற்றில் ஈடுபாடுள்ள ஓய்வுபெற்ற தம்பதியர், வெனிஸில் கப்பல் ஏறி, குரோவேஷியா, மாண்டினீக்ரோ வழியாகக் கிரேக்கத்தில் இறங்கும் பயணத்துக்குப் பெருந்தொகை செலவிடலாமா என்றும், அதே ஊர்களை ரயிலிலும் பேருந்திலும் குறைந்த செலவில் பார்த்துவிட முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊர்களில் சிலவற்றை முதலில் தரைவழியாகப் பார்த்தேன். பின்னர் என் மனைவியுடன் சிறு கப்பல் ஒன்றில் அதே கரையோரமாகச் சென்றேன். இரண்டையும் அனுபவித்தவன் என்ற முறையில், கப்பல் சிறியதாகவும், பகலில் கரையை ஒட்டிச் செல்வதாகவும், துறைமுகங்களில் மாலை வரையாவது தங்குவதாகவும் இருந்தால் தாராளமாகச் செலவிடுங்கள் என்பதே என் பதில். இந்த மூன்றும் இல்லாத கப்பலைவிடப் பேருந்து நல்லது.

நான் இப்படிச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கடலின் அமைப்பு. ஏட்ரியாட்டிக் கடலின் இத்தாலியக் கரை பெரும்பாலும் தாழ்வானது, நேரானது. காற்று திடீரென்று மாறினால் கலங்கள் ஒதுங்குவதற்கு அங்கே இடம் குறைவு. எதிர்க்கரையிலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் கரைக்கு இணையாக நீண்டு கிடக்கின்றன. அவற்றுக்கிடையே ஓடும் நீர்வழிகள் ஆழமானவை, பெரும்பகுதியும் காற்றுக்கு மறைவானவை. ஒரு காலத்தில் இந்தக் கடலில் ஆதிக்கம் செலுத்திய வெனிஸ் குடியரசின், துடுப்பு வலிப்பவர்கள் நிறைந்த கலங்களில் குடிநீரையும் உணவையும் பல நாட்களுக்குச் சேர்த்து வைக்க இடம் கிடையாது என்பதால், அவை கிழக்குக் கரையை ஒட்டியே போய், அடிக்கடி துறைமுகங்களில் நின்றாக வேண்டியிருந்தது. ஸாதர், ஸ்பிலிட், ஹ்வார், கோர்ச்சுலா, கோட்டோர், கோர்ஃபு என்று இன்று சுற்றுலாப் பட்டியலில் வரும் பெயர்கள் எல்லாம் அந்தத் தேவையால் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. பேருந்தில் போகிறவர் இவற்றைத் தனித்தனி ஊர்களாகவே பார்ப்பார். கப்பல் தளத்தில் நின்று, தீவு விலகத் தீவு விலக அடுத்த ஊரின் மணிக்கூண்டு மேலெழுவதைக் காண்பவருக்கு, அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது யாரும் சொல்லாமலேயே விளங்கிவிடும்.

வெனிஸைப் பற்றி முதலில் ஒரு நடைமுறைத் தகவல். 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் புனித மார்க் சதுக்கத்தின் முன்னுள்ள நீர்ப்பரப்பிலும் ஜூதெக்கா கால்வாயிலும் நுழைய இத்தாலிய அரசு தடை விதித்துள்ளது. ஆகவே விளம்பரத்தில் ‘வெனிஸ்’ என்று போட்டிருந்தாலும், பெரிய கப்பல்கள் மார்கெராவின் தொழிற்பேட்டைத் துறையிலோ, தொலைவில் ராவென்னாவிலோ, திரியெஸ்தேயிலோதான் உங்களை ஏற்றிக்கொள்ளும். ராவென்னாவில் ஏற்றினால் அதை நல்வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டு, 547-இல் திருநிலைப்படுத்தப்பட்ட சான் விட்டாலே தேவாலயத்தில் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் எதிரெதிரே நிற்கும் மொசைக் ஓவியங்களை ஒரு காலை முழுவதும் நின்று பாருங்கள்.

வெனிஸில் எல்லாரும் பார்ப்பதை நீங்களும் பார்ப்பீர்கள். அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. அர்செனாலே எனப்படும் பழைய கப்பல் கட்டும் தளத்தின் வாயிலுக்கு மட்டும் அவசியம் போய்வாருங்கள். அங்கே உட்கார்ந்த நிலையில் பெரிய பளிங்குச் சிங்கம் ஒன்று இருக்கிறது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் பல நூற்றாண்டுகள் நின்ற அதை, 1687-இல் ஓட்டோமான்களுடன் நடந்த போருக்குப் பிறகு வெனிஸின் படைத்தலைவர் பிரான்செஸ்கோ மொரோசினி இங்கே கொண்டுவந்தார். அதன் தோள் பகுதியைச் சாய்ந்த வெயிலில் உற்றுப் பார்த்தால், பாம்பு வளைவதைப் போன்ற கோடுகளுக்குள் தேய்ந்துபோன எழுத்துகள் தெரியும்; பைசாந்தியப் பேரரசிடம் கூலிப்படையாக இருந்த ஸ்காண்டிநேவிய வீரர்கள் பதினோராம் நூற்றாண்டில் செதுக்கிய ரூன் எழுத்துகள் அவை. கிரேக்கக் கல், வடதுருவம் நோக்கிய நாட்டாரின் எழுத்து, வெனிஸின் கொள்ளை என்று மூன்றும் ஒரே சிங்கத்தின் மேல் இருக்கின்றன. நான் அந்தக் கடலை அறிந்துகொள்ளத் தொடங்கியது அந்தச் சிங்கத்திடமிருந்துதான்.

சிங்கம் என்றதும், பயணம் முழுவதற்கும் உதவும் குறிப்பு ஒன்று. சிறகுள்ள சிங்கம் வெனிஸ் குடியரசின் முத்திரை. ஸாதரின் நிலப்பக்க வாயில், கோட்டோரின் மதில், கோர்ஃபுவின் கோட்டை என ஒவ்வொரு ஊரிலும் நுழைவாயிலுக்கு மேலே அதைத் தேடுங்கள். ஸாதரில் அதைப் பார்க்கும்போது, 1202-இல் நான்காம் சிலுவைப் போருக்குக் கிளம்பிய படையினர், கப்பல் கூலி கொடுக்க முடியாததால் வெனிஸின் வேண்டுகோளுக்கு இணங்கி, தங்கள் மதத்தினரே வாழ்ந்த அந்த ஊரை முற்றுகையிட்டுப் பிடித்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அதே படை பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டினோபிளைச் சூறையாடியது. புனித மார்க் தேவாலயத்தின் நான்கு வெண்கலக் குதிரைகள் அங்கிருந்து வந்தவை.

இந்தத் தடத்தில் அதிக நேரம் கேட்கும் ஊர் ஸ்பிலிட். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன், 305-இல் தாமாகவே பதவி துறந்தபின் வாழ்வதற்கென்று, தம் பிறந்த மண்ணுக்கு அருகில் கட்டிக்கொண்ட மாளிகை இது. ஏழாம் நூற்றாண்டில் பக்கத்திலிருந்த சலோனா நகரம் அழிந்தபோது, தப்பிவந்த மக்கள் இந்த மதில்களுக்குள் குடியேறினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அது மக்கள் வாழும் ஊராகவே இருக்கிறது. ரோமானியத் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி வீடு கட்டியிருக்கிறார்கள்; மேல் மாடியில் துணி காய்கிறது. எகிப்திலிருந்து பேரரசர் வரவழைத்த கருங்கல் ஸ்பிங்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட சிலை) ஒன்று நடு முற்றத்தின் ஓரத்தில் படுத்திருக்கிறது. பேரரசர் அதைக் கொண்டுவந்தபோதே அதற்கு ஏறத்தாழ 1,700 வயது. முற்றத்தின் கிழக்கே எட்டுப் பட்டைக் கட்டடமாக நிற்பது டயோக்ளீஷியனின் கல்லறை மண்டபம். கிறிஸ்தவர்களைக் கடுமையாகத் துன்புறுத்திய அவரது ஆட்சியில்தான் சலோனாவின் ஆயர் டோம்னியஸ் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் அந்த மண்டபமே தேவாலயமாக மாறி, டோம்னியஸின் பெயரையே தாங்கிக்கொண்டது. பேரரசரின் கல்பேழை காணாமற்போய்விட்டது. அவரால் கொல்லப்பட்டவருக்கு இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.

அந்த மாளிகைக்குக் கீழே உள்ள நிலவறைகளை யாரும் தவிர்க்கக் கூடாது. பேரரசரின் மேல்தள அறைகள் பெரும்பாலும் சிதைந்துவிட்டன. ஆனால் கடல்நோக்கிச் சரியும் நிலத்தைச் சமன்செய்யக் கட்டிய கீழ்த்தளம், மேலே இருந்த அறைகளின் அமைப்பை அப்படியே கொண்டிருக்கிறது. மேலே குடியிருந்தவர்கள் பல நூற்றாண்டுகளாகத் துளைகள் வழியே கொட்டிய கழிவு அந்த அறைகளை நிரப்பி, யாரும் உள்ளே புகுந்து இடிக்க முடியாதபடி காத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் அதைத் தோண்டி அகற்றிய பிறகே மேல்மாளிகையின் தரைப்படத்தை ஆய்வாளர்களால் உறுதியாக வரைய முடிந்தது. இதை விளக்கிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது வெறும் இருட்டறை. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சுட்டிக்காட்டும் இடம் இதுதான்.

கோர்ச்சுலா சிறிய ஊர். இரண்டு மணி நேரம் போதும். மார்க்கோ போலோ பிறந்த வீடு என்று அங்கே காட்டுவார்கள். அதற்குச் சான்று போதாது, வெனிஸும் அவரை விட்டுக்கொடுக்காது. ஆனால் 1298-இல் அந்தத் தீவுக்கு அருகே, வெனிஸின் போட்டி நகரமான ஜெனோவாவின் கடற்படை வெனிஸைத் தோற்கடித்தது உறுதியான வரலாறு. மார்க்கோ போலோ ஜெனோவாவின் சிறையில் இருந்தபோது சொல்லி எழுதவைத்த பயணக் குறிப்பில்தான் பாண்டிய நாடும், அரபு நாடுகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கிய காயல் துறைமுகமும் இடம்பெறுகின்றன. தாமிரபரணி முகத்துவாரத்துத் துறைமுகத்தை நேரில் விவரித்த ஒருவரின் பெயர் இந்தக் குறுகலான சந்தில் ஒலிப்பதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

டூப்ரோவ்னிக்கில் சிங்கத்தைத் தேட வேண்டாம். வாயிலுக்கு மேலே நகரத்தின் சிற்றுருவைக் கையில் ஏந்திய, அந்நகரின் காவல் புனிதரான பிளேஸ் நிற்பார். ரகூசா என்பது டூப்ரோவ்னிக்கின் பழைய பெயர். 1358-இல் வெனிஸின் பிடியிலிருந்து விடுபட்ட ரகூசா குடியரசு, 1808-இல் நெப்போலியனின் தளபதி கலைக்கும்வரை, படைபலத்தை நம்பாமல் ஒப்பந்தங்களை நம்பியே வாழ்ந்தது. ஓட்டோமான் சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 தங்க நாணயம் கப்பம் கட்டி, அதற்கு ஈடாகப் பால்கன் உள்நாடு முழுவதும் வணிக உரிமை பெற்றது. வெனிஸுடன் நில எல்லையே இருக்கக் கூடாது என்பதற்காக, 1699-இல் தன் கரையில் ஒரு துண்டைச் சுல்தானுக்கே விட்டுக்கொடுத்தது. அந்த நேயும் பகுதிதான் இன்று போஸ்னியா நாட்டின் ஒரே கடற்கரை. 1377-இல், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் ஊருக்குள் நுழையுமுன் ஒரு மாதம் வெளியே தனித்திருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியதும் இந்த நகரமே. பிளோச்சே வாயிலுக்கு வெளியே, பிற்காலத்தில் கட்டிய தனிமைப்படுத்தும் விடுதிகள் வரிசையாக இன்னும் நிற்கின்றன.

அங்கே ஸ்போன்ஸா மாளிகையின் முற்றத்தில், வளைவின் மேல் லத்தீனில் பொறித்திருப்பதைக் கட்டாயம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது சுங்கச் சாவடியாக இருந்த கட்டடம். ‘எங்கள் எடைக்கற்கள் ஏமாற்றவும் விடா, ஏமாறவும் விடா. நான் சரக்கை நிறுக்கையில் என்னைக் கடவுள் நிறுக்கிறார்’ என்பது அதன் பொருள். 1667-இல் ஏற்பட்ட நிலநடுக்கம் நகரத்தின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியபோதும் அந்த மாளிகை தப்பியது. பிறகு, 1,940 மீட்டர் நீளமுள்ள மதிலின் மேல் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுங்கள். மேலிருந்து பார்க்கையில், பழுப்பேறிய பழைய ஓடுகளுக்கு நடுவே பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள் திட்டுத்திட்டாகத் தெரியும். யுகோஸ்லாவியப் படை நடத்திய 1991-92 முற்றுகையின்போது, குறிப்பாக 1991 டிசம்பர் 6-ஆம் தேதி பொழிந்த குண்டுகளில் சிதைந்து, புதிதாக ஓடு வேய்ந்த கூரைகள் அவை. அந்த ஓடுகளைப் பார்க்காமல் அழகான ஊர் என்று மட்டும் சொல்லிவிட்டு வர என்னால் முடியவில்லை.

இந்த நகரத்தில்தான் கப்பலின் அளவு எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். கூட்டம் தாங்காமல் 2019 முதல் நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்கள், ஒரே நேரத்தில் 4,000 பயணிகள் என்று நகராட்சி வரம்பு வைத்திருக்கிறது. அப்படியும் முற்பகலில் முக்கியத் தெருவில் நடப்பது கடினம். பெருங்கப்பல்காரர்கள் மாலையில் திரும்பிய பிறகு, சுண்ணாம்புக் கல் பாவிய தெருவில் ஊர்க்காரர்கள் வெளியே வந்து உட்காரும் அந்த ஓரிரு மணி நேரம், இரவு தங்கும் சிறு கப்பலில் வந்தவர்களுக்கே கிடைக்கும். எனவே முன்பதிவுக்கு முன் துறைமுகத்துக்கு வரும் நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாண்டினீக்ரோவின் கோட்டோரை மட்டும் எப்படியாவது பகல் வெளிச்சத்தில் கடலிலிருந்து அடையுங்கள். மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து உள்ளே போகும் அந்த வளைகுடாவில், வெரிகே இடுக்கில் இரு கரைகளும் சில நூறு மீட்டருக்கு நெருங்கிவரும். அதைத் தாண்டியதும் பெராஸ்ட் ஊரின் எதிரே இரண்டு தீவுகள் தெரியும். அவற்றில் மாதா கோயில் உள்ள தீவு மனிதர் உண்டாக்கியது. மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகக் கல்லைக் கொண்டுபோய்ப் போட்டும், பழைய கலங்களைக் கல் நிரப்பி மூழ்கடித்தும் எழுப்பிய தீவு அது. இன்றும் ஒவ்வொரு ஜூலை 22 மாலையிலும் படகுகளில் வரிசையாகச் சென்று கல் போடுகிறார்கள். ஊரில் இறங்கியபின், மலைமேல் கோட்டைக்கு ஏறும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். மூட்டுவலி உள்ளவர்கள் பாதி வழியிலுள்ள சிறு தேவாலயத்தோடு திரும்பிவிடலாம், காட்சியில் பெரிய இழப்பு இல்லை.

கிரேக்கத் தீவான கோர்ஃபு, வெனிஸின் கையில் 1386 முதல் 1797 வரை இருந்தது. 1716-இல் ஓட்டோமான் முற்றுகையைத் தாங்கிய கோட்டையும், நெருக்கமான உயர்ந்த வீடுகளுள்ள பழைய நகரும் ஒரு நாளுக்கு உரியவை. அதற்கும் அப்பால் கொரிந்து கால்வாய் வழியாக ஏதென்ஸ் வரை போகும் கப்பல்களும் உண்டு. 1893-இல் திறந்த அந்தக் கால்வாயின் அடிப்பகுதி அகலம் 21 மீட்டர் அளவே இருப்பதால் சிறு கப்பல்களே அதில் நுழைய முடியும். மண்சரிவுப் பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உங்களிடம் ஒரு வாரமே இருந்தால் கிரேக்கத்தைச் சேர்க்காதீர்கள். வெனிஸ் முதல் கோட்டோர் வரை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

வழிகாட்டிகளில் இரு வகையினர் இருப்பார்கள். கப்பலிலேயே உடன்வந்து மாலையில் உரையாற்றும் வரலாற்றாளர் ஒருவர். ஒவ்வொரு ஊரிலும் சேர்ந்துகொள்ளும் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி மற்றொருவர். முன்னவர் இல்லாவிட்டால் ஊர்களுக்கிடையே உள்ள தொடர்பு அறுந்துவிடும்; ஆகவே உரையாளர் யார், எந்தத் துறையைச் சேர்ந்தவர் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு இருபது பேருக்கு மேல் போனால் கேள்வி கேட்க முடியாது. சைவ உணவுக்கு முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்தால் சிறு கப்பலின் சமையற்காரர்கள் அக்கறையுடன் செய்து தருகிறார்கள். மீன், முட்டை கூடாது என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். மே மாதமோ செப்டம்பரோ உகந்தது. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அந்த வெள்ளைக் கல் கொதிக்கும்.

விசாவில் மட்டும் கவனம் தேவை. இத்தாலியும் கிரேக்கமும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் உள்ளவை. குரோவேஷியாவும் 2023 ஜனவரி 1 முதல் அதில் சேர்ந்துவிட்டது. மாண்டினீக்ரோ சேரவில்லை. ஆகவே கோட்டோருக்குப் போய்விட்டுக் கோர்ஃபுவில் இறங்குவது மறுநுழைவாகக் கணக்கிடப்படும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பலமுறை நுழையும் விசாவையே கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் ஏற்கப்படும் என்பதால், கப்பலின் துறைமுகப் பட்டியலை இணைத்து முடிந்தவரை சீக்கிரமாக அனுப்பிவிடுங்கள்.