பூக்காலத்தில் மூச்சுத் திணறல்: பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களின் கேள்விகள்

காலையில் தோட்டத்தில் பார்த்தீனியம் பிடுங்கினேன். அப்போது தும்மல் மட்டும்தான். சாயங்காலம்தான் மூச்சு முட்டியது. காலையில் மூக்கில் போன பூத்தூள் அவ்வளவு நேரம் கழித்தா வேலை செய்யும்? (கொழிஞ்சாம்பாறை)

ஆமாம். தூள் ஒன்றுதான், வேலை செய்யும் செல்கள் வேறு. அலர்ஜி உள்ளவர்களின் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள்மேல் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். மகரந்தத்தின் புரதம் அதில் பட்டதும் சில நிமிடத்தில் தும்மலைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை அந்தச் செல்கள் கொட்டும். காலைத் தும்மல் அது. அதற்குள் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் ஐஎல்-5 போன்ற சமிக்ஞைப் புரதங்களை அனுப்பி, ரத்தத்தில் ஓடும் ஈசினோபில்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களை மூச்சுக்குழாய்க்கு வரவழைக்கும். அவை வந்து சேர 4 முதல் 8 மணி நேரம் ஆகும். வந்தபின் குழாயின் உள்சவ்வு வீங்கும், சளி கெட்டியாகும். சால்பியூட்டமால் இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்தும், ஆனால் அந்த வீக்கத்தைத் தொடாது. அதைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். இனிமேல் செடியைப் பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு பிடுங்குங்கள்.

மாம்பூ வந்தாலே வீட்டுக்காரருக்கு இழைப்பு. மரத்தை வெட்டிவிடலாமா? (முதலமடை)

வெட்ட வேண்டாம். மாம்பூ மகரந்தம் பிசுபிசுப்பானது. ஈயும் பூச்சியும் சுமப்பது, காற்றில் வெகுதூரம் போகாது. மரத்தடியிலேயே வேலை செய்பவர்களுக்குத்தான் அது தொல்லை. பூக்கும்போது அடிக்கும் பூச்சிமருந்தையும், மார்கழியில் கணவாய் வழியாக அடிக்கும் வறண்ட காற்றின் புழுதியையும் முதலில் சந்தேகப்படுங்கள். மருந்தடிக்கும் நாளில் அவர் தோப்புக்குப் போகாமல் இருக்கட்டும்.

பூ உதிர்ந்துவிட்டது. இப்போது ஊதுபத்திப் புகைக்கே இருமல் வருகிறது. ஏன்? (வாளையார்)

வாரக்கணக்கில் தூள் பட்டுப் பட்டு, வரவழைத்த செல்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. குழாய் புண்பட்டுக் கிடக்கும்போது அலர்ஜியே இல்லாத புகையும் சுருக்கென்று குத்தும். அதனால்தான் "பூக்காலம் முடிந்தது" என்று ஸ்டீராய்டு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தக் கூடாது என்கிறேன். என்னிடம் வந்த ஓர் அம்மா அதைச் சேலைகளுக்கு நடுவே பீரோவில் பூட்டி வைத்திருந்தார். "ரொம்ப முடியாம வந்தா எடுக்கலாம்னு வெச்சிருக்கேன் டாக்டர்" என்றார். மீதி எத்தனை தடவை எடுக்கலாம் என்று காட்டும் டப்பாவின் எண் ஒரு தடவைகூட இறங்கியிருக்கவில்லை. அது அவசரத்துக்கான மருந்து இல்லை. தினமும் எடுத்தால்தான் ஈசினோபில் குறையும். எடுத்தபின் வாய் கொப்பளியுங்கள், அவ்வளவுதான். எப்போது குறைப்பது என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

ரத்தத்தில் ஈசினோபில் 9 சதவீதம். பூச்சி மாத்திரை போதுமா? (கோபாலபுரம்)

சதவீதத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஈசினோபிலின் மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள். குடல்புழுவாலும் ஏறும், அலர்ஜியாலும் ஏறும். இழைப்பும் இருந்தால் மாத்திரையோடு நிறுத்தாமல், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.