ஜூரி ரிக்: நீதிமன்றம் எங்கே வந்தது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஒரு கடற்பயண நூலின் தமிழாக்கத்தில் 'மாலுமிகள் நடுவர் குழு அமைத்துக் கரைசேர்ந்தனர்' என்று படித்தேன். மூலத்தில் இருப்பது 'ஜூரி ரிக்'. உடைந்ததை அப்போதைக்குச் சரிக்கட்டுவது என்கிறது அகராதி. நீதிமன்ற ஜூரிக்கும் இதற்கும் என்ன உறவு?

– வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உறவே கிடையாது. நீதிமன்ற ஜூரி, சத்தியம் செய்வதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. கப்பல்காரர்களின் ஜூரி வேறு. ஆங்கிலேயக் கடலோடி ஜான் ஸ்மித் 1616-ல் வெளியிட்ட நூலிலேயே 'ஜூரி மாஸ்ட்' இருக்கிறது; புயலில் போன பாய்மரத்துக்குப் பதிலாக நட்ட மரம். பாய்மரக் கட்டமைப்பைக் குறிக்கும் 'ரிக்' ஒட்டிக்கொண்டது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். உதவி என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்தான் வேர் என்பது வலுவான ஊகம். சேதம் என்று பொருள்படும் 'இஞ்சுரி'யின் தலை உதிர்ந்து 'ஜூரி' ஆனது என்பார்கள், சான்று இல்லை. 'மாற்றுப் பாய்மரம் கட்டி' என்று மொழிபெயர்த்திருந்தால் போதும்.

வேலையைப் பார்த்தால் சொல் இன்னும் தெளிவாகும். முறிந்த மரம் கம்பிகளோடு தொங்கிப் படகின் பக்கவாட்டை இடிக்கும். ஓட்டை விழுமுன் அறுத்துவிட வேண்டும். ஆனால் கப்பி, கயிறு, கம்பி என எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு எதுவும் கிடைக்காது. பாயின் அடியில் கிடக்கும் கம்பான பூமையோ, மிஞ்சிய துண்டையோ நிறுத்துவார்கள். முன்னும் பின்னும் இரு பக்கமும் இழுத்துக் கட்டும் கயிறுகளை மரம் படுத்திருக்கும்போதே அதன் தலையில் கட்டிவிட வேண்டும். நிமிர்த்திய பிறகு யார் ஏறுவது? பலரும் கோட்டைவிடுவது அடியில்தான். அடி நகராதபடி முட்டுக்கொடுத்துக் கட்டாவிட்டால், தூக்கும்போதே வழுக்கி ஓடும். பாய்மரத்தின் கனம் போனபின் படகு முன்னைவிட வேகமாக வெட்டி வெட்டி ஆடும் என்பதால் இது இரட்டிப்புச் சிரமம். மேலே ஏறுவது சிறிய புயல்பாய். காற்று போகும் பக்கம் போகலாம். எதிர்க்காற்றில் ஏற முடியாது.

பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் நம் கடற்படையின் அபிலாஷ் டாமி பாய்மரம் இழந்து முதுகெலும்பு அடிபட்டுக் கிடந்தார். அதே புயலில் தன் மரங்களையும் இழந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கின், ஜூரி ரிக் கட்டிக்கொண்டு அவரை நோக்கித்தான் படகைச் செலுத்தினார். கடைசியில் இருவரையும் ஏற்றிக்கொண்டது ஒரு பிரெஞ்சுக் கப்பல்.

'ஜெரி பில்ட்' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 19ஆம் நூற்றாண்டில் மட்டமாகக் கட்டிய வீடுகளுக்கு வந்த வசைச்சொல். ஜூரி ரிக்கில் வசை இல்லை.