ஆப்லெட்டை ஓடவைக்கப் பணம் கட்டலாமா?

கேள்வி: சிறிய போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். ஆல்பம் ஆர்டர் எடுக்க 2013-இல் ஒரு வெப்சைட் செய்து வாங்கினேன். வாடிக்கையாளர் தன் கம்ப்யூட்டரில் உள்ள படங்களை பிரவுசருக்குள்ளேயே ஒரு ஜாவா ஆப்லெட்டில் (பிரவுசருக்குள் ஓடும் சிறு புரோகிராம்) திறந்து, கிராப் செய்து, எங்கள் சர்வருக்கு அனுப்பலாம். இப்போது அந்த இடத்தில் எதுவுமே வருவதில்லை. செய்து கொடுத்தவர், 18,000 ரூபாய் கொடுத்தால் புதுச் சான்றிதழ் போட்டு ஓடவைக்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சான்றிதழுக்கென்று, அதாவது ஆப்லெட் யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்துக்கென்று, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒரு காலத்தில் அது தேவைப்பட்டது உண்மை. கையொப்பமில்லாத ஆப்லெட்டால் வாடிக்கையாளரின் ஹார்ட் டிஸ்க்கைத் தொட முடியாது. 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51, தானே தயாரித்துக்கொண்ட கையொப்பத்தையும் ஏற்க மறுத்தது. இன்றைய சிக்கல் அதுவல்ல. பிரவுசரில் ஆப்லெட்டை ஓடவைக்கும் துணைப் புரோகிராமான ஜாவா பிளக்-இன்னை குரோம் 2015 செப்டம்பரிலும் ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சிலும் கைவிட்டுவிட்டன. 2018-இல் வந்த ஜாவா 11-இல் அந்த பிளக்-இன்னே கிடையாது. எந்தச் சான்றிதழ் போட்டாலும் அதைப் படிக்க ஆள் இல்லை. ‘பழைய பிரவுசர் போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற யோசனையும் வேண்டாம். ஆல்பம் போட வந்தவர் அதற்காகத் தன் கம்ப்யூட்டரின் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதே பணத்துக்கு, ஆப்லெட்டை எடுத்துவிட்டு சாதாரண ஃபைல் தேர்வுப் பெட்டியும், பிரவுசருக்கே புரியும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் கொண்டு எழுதித் தரக் கேளுங்கள். போனிலும் வேலை செய்யும். பழைய ஆப்லெட் வழக்கமான படிவ முறையில் படத்தை அனுப்பியிருந்தால் சர்வர் பக்க வேலை பெரும்பாலும் அப்படியே பயன்படும். ஆப்லெட்டுக்கென்றே தனி முறை வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், செலவு கூடும். விலை பேசுமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

பலர் ஏமாறுவது கிராப் விஷயத்தில். பிரவுசரிலேயே படத்தை வெட்டி, புது ஜேபெக்காக மாற்றி அனுப்பினால் தரம் ஒரு படி இறங்கும். எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் அழிந்துபோகும். பழைய ஐபோன்களில் சுமார் 1.67 கோடி புள்ளிகளைத் தாண்டிய படம் வெறுமையாகவே வரும். 24 மெகாபிக்சல் படம் அதைத் தாண்டியதுதான். அச்சுக்குப் போகும் படம் என்பதால், மூலப் படம் அப்படியே வரட்டும், எங்கே வெட்ட வேண்டும் என்ற நான்கு எண்கள் மட்டும் கூட வரட்டும், வெட்டுவதை சர்வர் செய்யட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அடுத்தது அளவு. உங்கள் சர்வர் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டிருந்தால், அது தானாக வைத்திருக்கும் வரம்பு ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்த அனுப்புதலுக்கு 8 எம்பி. மொத்தம் மீறினால் படிவம் காலியாக வந்து சேரும், காரணம் வாடிக்கையாளருக்குத் தெரியாது. என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் இருந்தால், மாற்றாதவரை 1 எம்பியைத் தாண்டியதுமே 413 (அளவு அதிகம்) என்ற பிழை எண்ணோடு திருப்பிவிடும். டெமோவில் வாட்ஸ்அப் படத்தை அனுப்பிக் காட்டினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். நீங்களே கேமராவிலிருந்து எடுத்த 12 எம்பி படங்கள் நாற்பதை, போன் இணைப்பில், நடுவில் ஒருமுறை நெட்டைத் துண்டித்து அனுப்பிப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். பாதித் தொகையை நிறுத்திவைத்து, அதன் பிறகே கொடுங்கள்.

2013 வேலைக்காக அவர்மேல் புகார் செய்வது வீண். பிளக்-இன் போனது அவர் குற்றமில்லை. புது வேலையில் குறை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துபவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. பில்லும் எழுத்தில் ஒப்பந்தமும் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை.