மணலில் ஏரி எப்படி நிற்கும்?

கேள்வி: பிரிஸ்பேனில் படிக்கும் என் தம்பி இந்தச் சனி ஞாயிறு கூடப் படிக்கிற பெடியளோடு கேகாரி மணல்தீவின் ஏரிகளைப் பார்க்கப் போகிறான். வெறும் மணலில் ஏரி எப்படி? இறங்கிக் குளிக்கலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தாராளமாகப் போகட்டும், அருமையான இடம். முன்பு பிரேசர் தீவு என்றார்கள், 2023இல் பழங்குடிகள் வழங்கிய பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பியது. நம் இரணைமடுக் குளத்துக்குக் கனகராயன் ஆறு தண்ணீர் கொண்டுவருகிறது, அணைக்கட்டு மறிக்கிறது. அங்குள்ள மக்கென்சி ஏரிக்கோ மழை மட்டும்தான். மக்கிய இலைதழை மணலோடு சேர்ந்து இறுகி அடியில் கறுத்த படையாகப் பிடித்துக்கொள்வதால் தண்ணீர் கீழே இறங்காமல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீற்றர் உயரத்தில் கண்ணாடி போல நிற்கிறது. வெளியேற வாய்க்காலும் இல்லை. அதனால் வெயில் கிறீம் பூசிக்கொண்டு இறங்க வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள், கரைவது அங்கேயே தங்கிவிடும்.

எனக்குக் கவலை வாபி ஏரிதான். பக்கத்து மணல்மேடு நகர்ந்து நகர்ந்து அதை மூடிக்கொண்டே வருகிறது. அந்தச் சரிவில் ஓடிவந்து தண்ணீரில் பாய்ந்து முதுகெலும்பு உடைந்தவர்கள் இருக்கிறார்கள். நடந்தே இறங்கட்டும். அப்புறம், டிங்கோ என்ற காட்டு நாய்களுக்குச் சாப்பாடு போடக் கூடாது, தனியாகத் திரியவும் கூடாது.