மரக்கோட்டையை மண்ணிலிருந்து தொடங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்: கணினிக் கலை

கேள்வி: பொழுதுபோக்காகப் பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண உருவங்கள் செய்துவருகிறேன். 11, 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மரக்கோட்டை ஒன்றைச் செய்ய விரும்பி, மதிலை ஒரே பரப்பாக நிறுத்தி அதன்மேல் மரத்தின் படத்தை ஒட்டினேன். எவ்வளவு தரமான படத்தை ஒட்டினாலும் அட்டைப்பெட்டி போலவே தெரிகிறது. எங்கே திருத்த வேண்டும்?
– வாசகர், குழித்துறை

பதில்: படத்தை மாற்றுவதால் இது சரியாகாது. கல் மதில் தூரத்தில் ஒரே பரப்பாகத் தெரியலாம்; மர மதில் அப்படித் தெரியாது. ஒவ்வொரு மரத்தின் உச்சியும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கும். இரண்டு மரங்களுக்கு இடையே ஒரு நிழற்கோடு விழும். அந்தக் கோடும் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்காது. நம் கண் அதை மரம் என்று நம்புவது பெரும்பாலும் இந்த நிழலை வைத்துத்தான். ஆகவே மதிலை மரம் மரமாக நட வேண்டும். அதற்கும் முன்னால் அது நிற்கும் மண்ணைச் செய்ய வேண்டும்.

வட பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்கள் அக்காலத்தில் கட்டிய கோட்டைகளில் பல, ஒரு செயற்கை மண்மேடும் அதை ஒட்டிய முற்றமுமாக அமைந்தவை. மேட்டின்மேல் மரக் காவற்கோபுரம், முற்றத்தில் கூடமும் குதிரை லாயமும் களஞ்சியமும், இவற்றைச் சுற்றி அகழி, மண்கரை, கரைமேல் மர மதில் என்பது பொதுவான அமைப்பு. அகழியில் வெட்டிய மண்தான் கரையாகவும் மேடாகவும் ஏறியது என்பதால், இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் கொண்டு அடியில் குவியும் அகழியின் குறுக்குவெட்டு 9 சதுர மீட்டர். அந்த மண்ணைக் கொண்டு ஏறத்தாழ அதே அளவுள்ள கரையைத்தான் எழுப்ப முடியும். திரைப்படங்களில் பார்க்கும் மலை போன்ற மேடுகளை மறந்துவிடுங்கள். இங்கிலாந்தில் உள்ள மேடுகளில் பெரும்பாலானவை 5 மீட்டர் உயரத்தையும் எட்டாதவை. மென்பொருளில் அளவை மீட்டருக்கு மாற்றி, அருகே ஓர் ஆள் உருவத்தை நிறுத்திக்கொண்டு வேலை செய்தால் இந்தப் பிழை நேராது.

எதைப் பார்த்துச் செய்வது என்று கேட்டால், இரண்டு சான்றுகளை முதலில் சொல்வேன். ஒன்று, 11ஆம் நூற்றாண்டின் பேயோ திரைச்சீலை. ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள அந்தத் துணியில், இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் மண்ணை வாரிப்போட்டு மேடு எழுப்புகிறவர்களையும், பிரான்ஸின் தினான் கோட்டையின் மர மதிலுக்குத் தீ வைக்கிறவர்களையும் தையல் வேலையாகக் காணலாம். மற்றொன்று, வேல்ஸில் இங்கிலாந்து எல்லையை ஒட்டி இருக்கும் ஹென் டோமன். 1070களில் மான்ட்கோமரி ரோஜர் எழுப்பிய அந்த எல்லைக்கோட்டை கடைசிவரை கல்லுக்கு மாறவே இல்லை. 1960 முதல் பல பத்தாண்டுகள் நடந்த அகழாய்வில், கம்பம் நட்ட குழிகளின் தடங்களைக் கொண்டே முற்றத்துக் கட்டடங்களின் அமைப்பை அறிந்தார்கள்; அவை நாம் கற்பனை செய்வதைவிட நெருக்கமாக இருந்தன. குழிகள் தரைப்படத்தைக் காட்டும். கூரையின் சரிவையும் கோபுரத்தின் உயரத்தையும் காட்டா. அந்த இடத்தில் உங்கள் ஊகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் எது சான்று, எது ஊகம் என்பதைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இனி மரத்துக்கு வருவோம். அங்கே கட்டுமானத்துக்கு விரும்பிய மரம் ஓக். அதை ஈரம் காயும் முன்பே கோடாலியால் செதுக்கினார்கள். பலகை வேண்டுமானால் ஆப்பு அடித்துப் பிளந்தார்கள். எனவே உத்தரங்களின்மேல் ரம்பக் கோடுகள் இருக்கக் கூடாது. கோடாலி வாய் பட்டுப் போன ஆழமற்ற சிறு முகங்கள் இருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது சுருங்கி, நீளவாக்கில் வெடிக்கும்; அந்த வெடிப்பை ஒவ்வொரு பெரிய கம்பத்திலும் காட்டுங்கள். மூட்டுகளில், ஒரு மரத்தின் முனையை நாக்காகச் செதுக்கி மற்றதன் துளையில் செருகி, குறுக்கே மர முளை அடித்திருப்பார்கள். முளையின் தலை சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அருகில் பார்க்கும்போது அழகு. இரும்பு ஆணி அடித்த இடத்தில், ஓக்கின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து மையைப் போலக் கறுத்து, மழைநீர் வழிந்த திசையில் கீழே இறங்கியிருக்கும்.

கம்பம் மக்குவது முக்கியமாக நிலமட்டத்தில்தான். ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பது அங்கே. மண்ணுக்கு மேலும் கீழும் ஒரு சாண் அளவுக்கு நிறத்தைக் கருமையாக்கி, விளிம்பைச் சற்று அரித்துக் காட்டுங்கள். வெயில் படாத வடக்கு முகத்தில் பாசி ஏறலாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. நூற்றுக்கணக்கில் மரங்களை நட்டதும் திணறி நின்றுவிடுகிறது. வழி உண்டா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உண்டு. ஷிஃப்ட் விசையுடன் டி அழுத்தினால் ஒவ்வொரு பிரதியும் தனி உருவமாக நினைவகத்தை அடைக்கும்; ஆல்ட் விசையுடன் டி அழுத்தினால் எல்லாப் பிரதிகளும் ஒரே உருவத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஏழெட்டு மரங்களை மட்டும் அக்கறையோடு செய்து, அவற்றையே இப்படிப் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் தன் அச்சில் வெவ்வேறு அளவுக்குத் திருப்பி, சிறிது ஏற்றி இறக்கி நட்டால், திரும்ப வருவது கண்ணுக்குப் படாது. தூரத்து மரங்களுக்கு எட்டுப் பக்கமுள்ள உருளையே போதும்.

முதல் முயற்சிக்கு டென்மார்க்கின் ட்ரெல்லபோர்க் கோட்டையை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். அதன் மரங்கள் வெட்டப்பட்ட காலத்தை ஆண்டு வளையங்களைக் கொண்டு 980–981 என்று கணித்திருக்கிறார்கள். 136 மீட்டர் உள்விட்டமுள்ள துல்லியமான வட்ட மண்கரை, நான்கு வாயில்கள், உள்ளே நான்கு நான்காக நிற்கும் 16 நீள்வீடுகள். ஒரு வீட்டைச் செய்தால் பதினாறும் முடிந்தது. கால்வட்டக் கரையைச் செய்தால் முழுவட்டமும் முடிந்தது.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனை எங்களுக்கு மிக அருகில். அங்குள்ள மர வேலைப்பாட்டைப் படமெடுத்து இத்தகைய கோட்டைக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: மூட்டுகளைக் கற்க அதைவிட நல்ல இடம் உங்களுக்கு அருகில் கிடைக்காது. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் வேறொரு நாளில் போய், படமெடுக்கும் விதிகளை வாயிலிலேயே கேட்டுக்கொண்டு, உத்தரமும் தூணும் சேரும் இடங்களைப் பொறுமையாகப் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். ஆனால் நிறத்தை அங்கிருந்து எடுக்க வேண்டாம். கூரைக்குள் காக்கப்பட்டு மெருகேறிய மரம் அது. நீங்கள் செய்வதோ வானம் பார்த்து நின்ற மதில். அதற்கு, வெளியே கிடந்து சாம்பல் நிறமாக வெளுத்த பழைய தேக்குக் கதவோ கட்டையோ பொருந்தும். ஓக்கும் வெளியில் நின்றால் அப்படித்தான் சாம்பலாகும். இடவப்பாதி மழைக்கால மேகமூட்டத்தில், மரத்துக்கு நேரெதிரே நின்று எடுத்தால் நிழல் விழாத படம் கிடைக்கும்.

நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் பனங்கை, தென்னங்கட்டை ஆகியவற்றின் படங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பனைக்கும் தென்னைக்கும் ஆண்டு வளையம் கிடையாது. வெட்டுமுகத்தில் புள்ளிகளே தெரியும். ஓக் கம்பத்தின் வெட்டுமுகத்தில் வளையங்களும், நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் வெளிர் கீற்றுகளும் இருக்க வேண்டும். மதிலின் உச்சியை மேலிருந்து காட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.