அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸும் பழைய கஞ்சாப் பழக்கமும்: கேள்வி பதில்

கேள்வி: காலேஜில் நாலைந்து தடவை கஞ்சா புகைத்தேன். கடைசியாக 2 வருஷம் முன்பு. படிவத்தில் எழுதினால் வேலை போய்விடுமா அண்ணா?

பதில்: எழுதியதற்காக மட்டும் போகாது தம்பி. கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி கேட்டு நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தின் 23-ஆம் பிரிவு கடந்த 7 வருஷத்தைக் கேட்கிறது, அதனால் எழுதியே ஆக வேண்டும். முதல் தடவை எந்த மாதம், கடைசி எந்த மாதம், எத்தனை தடவை, இனியும் தொடும் எண்ணம் உண்டா என்று தனித்தனியாகக் கேட்பார்கள். மாதம் நிச்சயமில்லையா? தேதிக்குப் பக்கத்தில் ‘உத்தேசம்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்யுங்கள்.

கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவெடுப்பவர் கையில் இருப்பது, அதற்கென்றே 2017 ஜூனில் அமலுக்கு வந்த சீட்-4 விதிகளில் போதைப்பொருள் பற்றிய ‘ஹெச்’ பிரிவு. எவ்வளவு காலமாயிற்று, எத்தனை தடவை, மறுபடி நடக்குமா என்று பார்ப்பார். பழைய சகவாசத்தை விட்டது உதவும். எழுத்தில் ஓர் உறுதிமொழியும் கொடுங்கள். “இனி தொட்டால் கிளியரன்ஸை ரத்து செய்யலாம் என்பதை ஏற்கிறேன்” என்ற வரி அதில் கட்டாயம் வேண்டும். பழைய கஞ்சாப் பழக்கம் மட்டுமே முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்று தேசிய உளவுத்துறை இயக்குநரே 2021 டிசம்பரில் வழிகாட்டியிருக்கிறார்.

மறைத்தால்தான் ஆபத்து. தெரிந்தே பொய் எழுதுவது தனிக் குற்றம், 5 வருஷம் வரை சிறை.

கேள்வி: 9 வருஷம் முன்பு ஒரே ஒரு தடவை?

பதில்: அப்போது கிளியரன்ஸ் இல்லையென்றால் அந்த 7 வருஷக் கேள்விக்கு ‘இல்லை’. விசாரணை அதிகாரி நேரில் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 11 வருஷம்...

பதில்: மேலே சொன்னதேதான்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் வரி கட்டி, ரசீதோடு வாங்கினேன். அது எப்படிக் குற்றம்?

பதில்: மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் ஃபெடரல் சட்டப்படிதான் கேட்கிறோம் என்று 23-ஆம் பிரிவின் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். எழுதுங்கள்.

அதே நபர்: குடிக்கிறவனை விட்டுவிட்டு எங்களை மட்டும் பிடிப்பது அநியாயம் இல்லையா?

பதில்: குடியையும் விடவில்லை, குடியால் வேலையோ குடும்பமோ பாதிக்கப்பட்டிருந்தால் 24-ஆம் பிரிவில் எழுத வேண்டும். சட்டம் மாற வேண்டும் என்று வாதாட உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதை விசாரணை அதிகாரியிடம் வைக்காதீர்கள். பிடிக்காத விதியையும் இவர் மதித்து நடப்பாரா என்பதுதான் அவர் கவலை. நீங்கள் வாதாட வாதாட, ‘மதிக்க மாட்டார்’ என்றுதான் குறிப்பு ஏறும்.

கேள்வி: முழங்கால் வலிக்கு சிபிடி எண்ணெய் தடவலாமா? கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுப்பதாமே?

பதில்: வேண்டாம். போதை தரும் டிஹெச்சி அதில் 0.3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது ஃபெடரல் சட்டப்படி கஞ்சாதான். லேபிளில் போட்டிருப்பதை நம்ப முடியாது. சோதனையில் பாசிட்டிவ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. அடுத்த மாதம் நண்பர்களோடு கொலராடோ போகிறேன். ஒரே ஒரு கஞ்சா மிட்டாய் (gummy) மட்டும்?

பதில்: கூடவே கூடாது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அறவே தொடக் கூடாது என்பதும் அதே 2021 வழிகாட்டுதல்தான்.

கேள்வி: நான் கிரீன் கார்டு. சிட்டிசன்ஷிப் வாங்கிவிட்டு விண்ணப்பிக்க நினைக்கிறேன்.

பதில்: முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் பழைய கஞ்சாவை ஒப்புக்கொள்வதே அதற்குத் தடையாகலாம். இங்கே சொன்ன எதையும் அதற்குப் பொருத்தாதீர்கள்.

கேள்வி: எழுதாமல் அனுப்பிவிட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது?

பதில்: இதே கேள்வி இன்று மூன்றாவது முறை. உங்களைத் தெரிந்தவர்கள் என்று நீங்களே பெயர் கொடுத்தவர்களிடம் அதிகாரி பேசுவார். அவர்கள் சொல்லும் ஆட்களிடமும் பேசுவார். அதிகாரி உங்களைக் கேட்பதற்கு முன்பே நீங்களாகத் திருத்தினால் அது உங்களுக்குச் சாதகம், விதியிலேயே இருக்கிறது. கம்பெனியின் செக்யூரிட்டி ஆபீசருக்கு இன்றே எழுதுங்கள்.