77 கிரெய்ன் குண்டு ஏன் குறுக்காகப் பாய்கிறது?

கேள்வி: பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன். .223 ரெமிங்டன் தோட்டாவுக்கானது, குழலில் 1:12 என்று பொறித்திருக்கிறது. 55 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு) தோட்டாவில் 100 கஜத் தொலைவில் ஐந்து துளைகளும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுகின்றன. நண்பர் கொடுத்த 77 கிரெய்ன் போட்டித் தோட்டாக்களைச் சுட்டபோது துளைகள் பத்து அங்குலத்துக்கு மேல் சிதறின. சில துளைகள் வட்டமாகவே இல்லை, குண்டு குறுக்காகப் புகுந்ததுபோல நீண்டிருந்தன. குழல் தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? என் குழலுக்கு எந்த எடை பொருந்தும்?
— டெக்சாஸ் வாசகர்

பதில்: குழலை மாற்ற வேண்டாம். தேய்ந்த குழல் 55 கிரெய்னை ஒன்றரை அங்குலத்துக்குள் போடாது. உங்கள் ரைபிளில் பழுது எதுவும் இல்லை. அந்தக் குழலால் நிமிர்த்திப் பிடிக்க முடியாத நீளமான குண்டை அதில் சுட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

1:12 என்றால், குழலுக்குள் இருக்கும் வரிப்பள்ளங்கள் 12 அங்குல நீளத்தில் ஒரு முழுச் சுற்று முறுக்கிக்கொள்கின்றன என்று பொருள். எண் சிறியதானால் முறுக்கு இறுக்கம்: 1:7 மிக இறுக்கம், 1:14 மிகத் தளர்வு. குண்டு சுழன்றே ஆக வேண்டியதற்குக் காரணம் உண்டு. கூர்முனைக் குண்டின் எடை பின்பக்கம் கூடியிருக்கிறது; காற்றின் அழுத்தமோ அதற்கு முன்னால், மூக்குப் பக்கம் தாக்குகிறது. சுழற்சி இல்லாவிட்டால் காற்று மூக்கைத் தூக்கிக் குண்டைப் புரட்டிப் போட்டுவிடும். வேகமாகச் சுற்றும் பம்பரம் நின்ற இடத்தில் உறங்குகிறது, வேகம் குறைந்தால் தலையாட்டிச் சாய்கிறது அல்லவா? உங்கள் 77 கிரெய்ன் குண்டு குழலை விட்டு வெளியே வரும்போதே சாயத் தொடங்கியிருக்கிறது. நீண்ட துளைகள் அதற்குச் சாட்சி.

எந்த எடை பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்டாப் பெட்டியில் எடைதான் அச்சாகிறது என்பதால் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் முறுக்கு பார்ப்பது நீளத்தை. ஒரே காலிபரில், அதாவது ஒரே விட்டத்தில், எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால் எடையை வைத்துச் சொல்வது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத இடங்களில் பணம் வீணாகிறது. நேட்டோவின் எஸ்எஸ்109 குண்டு 62 கிரெய்ன்தான். அதன் மூக்குக்குள் எஃகுத் துண்டு இருக்கிறது. எஃகு ஈயத்தைவிட இலேசு, ஆகவே அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கிறது. விளைவாக அந்தக் குண்டு ஏறத்தாழ 0.9 அங்குல நீளம், அதாவது ஈயக் கருவுள்ள 69 கிரெய்ன் போட்டிக் குண்டின் நீளம். '62தானே, 55க்குப் பக்கத்தில்தானே' என்று 1:12 குழலில் இதைப் போட்டால் இதுவும் புரளும். ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகளிலும் இதே கதை: ஒரே எடையில் ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும்.

கணக்கு எளிது. உல்விச்சில் இருந்த பிரிட்டிஷ் ராணுவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879 இல் கொடுத்த சூத்திரம் ஈயக் கரு உள்ள குண்டுகளுக்கு இன்றும் பயன்படுகிறது. குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கமாக்குங்கள். 150 ஆல் பெருக்குங்கள். குண்டின் நீளத்தால் வகுங்கள். வருவது தேவையான முறுக்கு. வேகம் வினாடிக்கு 2,800 அடியைத் தாண்டினால் 150க்குப் பதில் 180. உங்கள் குண்டின் விட்டம் 0.224 அங்குலம், வர்க்கம் 0.0502. சாதாரண 55 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 0.74 அங்குல நீளம், 3,200 அடி வேகம்: விடை 12.2. உங்கள் 12க்குக் கச்சிதம். 77 கிரெய்ன் போட்டிக் குண்டு ஏறத்தாழ ஒரு அங்குல நீளம், வேகம் 2,800க்குச் சற்றுக் கீழே: விடை சுமார் 7.6. பன்னிரண்டு எங்கே, ஏழரை எங்கே!

2005 இல் டான் மில்லர் வெளியிட்ட சூத்திரம் இன்னும் நுட்பமானது. அது குண்டின் எடை, நீளம், விட்டம், முறுக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிலைத்தன்மை எண் தருகிறது. 1க்குக் கீழே போனால் குண்டு புரளும். 1.5ஐத் தொட்டால் கவலையில்லை. இடையில் இருந்தால் துளை வட்டமாகவே விழும், ஆனால் குண்டு மெல்லத் தலையாட்டிக்கொண்டே போவதால் காற்றுத் தடை கூடும். உங்கள் குழலில் 77 கிரெய்னுக்கு வரும் எண் ஏறத்தாழ 0.77, 55 கிரெய்னுக்கு 1.35. அதே 77 கிரெய்னை 1:8 குழலில் போட்டால் 1.7. நான்கு அங்குல வித்தியாசம் இவ்வளவு செய்வதற்குக் காரணம், நிலைத்தன்மை முறுக்கின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது என்பதே.

காற்றும் கணக்கில் வரும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. குண்டை அதிக பலத்தோடு புரட்டப் பார்க்கும். ஏஆர்-15 ரைபிளின் தொடக்க காலக் குழல்கள் 1:14. மில்லர் கணக்கில் 55 கிரெய்னுக்கு அது 1ஐ ஒட்டி நிற்கிறது. மிதமான வெப்பத்தில் ஒழுங்காகச் சுட்ட அந்த ரைபிள், அமெரிக்க ராணுவத்தின் கடுங்குளிர்ச் சோதனைகளில் குறி தவறியது. 1963 இல் 1:12க்கு மாற்றினார்கள். பின்னாளில் எம்16ஏ2 ரைபிளுக்கு 1:7 வைத்ததற்கு, எஸ்எஸ்109ஐவிடவும் நீளமான ஒளிவால் குண்டையும் (பறக்கும் பாதை தெரிய எரிந்துகொண்டே போகும் குண்டு) நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்ததே காரணம். டெக்சாஸ் வெயில் உங்களுக்குச் சற்று உதவும், ஆனால் 0.77ஐக் கரை சேர்க்க எந்த வெயிலாலும் ஆகாது.

பெரிய கம்பெனிகளே இதில் அடிபட்டிருக்கின்றன. 1955 இல் வின்செஸ்டர் .243 என்ற தோட்டாவையும் ரெமிங்டன் .244 என்ற தோட்டாவையும் கொண்டுவந்தன. இரண்டும் 6 மி.மீ. குண்டுகள்தான். வின்செஸ்டர் 1:10 முறுக்கு வைத்து, மான் வேட்டைக்கு 100 கிரெய்ன் குண்டு விற்றது. ரெமிங்டன் 1:12 வைத்து 90 கிரெய்னோடு நிறுத்திக்கொண்டது. மானுக்கு 100 கிரெய்ன் வேண்டும் என்று நினைத்தவர்கள் எல்லோரும் .243 பக்கம் போனார்கள். ரெமிங்டன் பிறகு முறுக்கை 1:9 ஆக இறுக்கியது, 1963 இல் பெயரையே 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றியது. அதற்குள் சந்தை கைவிட்டுப் போய்விட்டது. நல்ல தோட்டா, எனக்கு இன்றும் அதன்மேல் வருத்தம் உண்டு.

அப்படியானால் எல்லாக் குழலையும் 1:7 ஆக்கிவிடலாமே என்று தோன்றும். கனமான போட்டிக் குண்டுகளுக்கு அது நன்று. ஆனால் 3,200 அடி வேகத்தில் 1:7 குழலிலிருந்து வரும் குண்டு நிமிடத்துக்கு 3,29,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. மெல்லிய உறை போர்த்திய இலேசான வேட்டைக் குண்டுகள் அந்தச் சுழற்சியில் வழியிலேயே சிதறிவிடக்கூடும். அதோடு குண்டின் உள்ளே எடை எள்ளளவு ஒருபக்கமாக இருந்தாலும் வேகச் சுழற்சி அதைப் பெரிதாக்கிக் காட்டும். 50, 55 கிரெய்ன் சுட உங்கள் பழைய 1:12 குழல் நல்ல குழல். அதை யாரும் குறை சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

ஆகவே 300 கஜம் வரை சுடுவதானால் 50, 55 கிரெய்னோடு இருங்கள். கட்டையான, அடி தட்டையான 60 கிரெய்ன் குண்டும் ஒத்துவரலாம். ஒரு பெட்டி வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எடை எதுவானாலும் செம்புக் குண்டை வாங்குமுன் அதற்கு எந்த முறுக்கு வேண்டும் என்று தயாரிப்பாளர் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். 500, 600 கஜத்தில் பக்கக் காற்றோடு மல்லுக்கட்டும் ஆசை வந்தால் அப்போது 1:8 குழல் மாட்டுங்கள்.

குழலில் பொறித்த எண்ணை நம்புமுன் ஒருமுறை அளந்துவிடுங்கள். பழைய ரைபிளில் குழல் மாறியிருக்கலாம். தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கைப்பிடி தாராளமாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றிக் குழலுக்குள் செலுத்துங்கள். கம்பியின் மேல்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டு, அது ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்வரை கம்பி நகர்ந்த தூரத்தை அளங்கள். அதுதான் உங்கள் முறுக்கு.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். குழல் முனையில் சத்தம் குறைக்கும் சைலன்சர் மாட்டிக்கொண்டு அந்த 77 கிரெய்னைச் சுட்டுவிடாதீர்கள். சாய்ந்த குண்டு அதன் உள்தகடுகளில் மோதும். சைலன்சர் போவது மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. அடுத்தது, மீதித் தோட்டாப் பெட்டியில் 5.56 என்று அச்சிட்டிருந்தால் முறுக்கைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை: 5.56 நேட்டோ தோட்டாவின் அழுத்தத்துக்கு .223 ரெமிங்டன் ரைபிளில் தோட்டா அமரும் அறை வடிவமைக்கப்பட்டதல்ல. பெட்டியை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.